சாரா மாறி

தமிழ் இலக்கணத்தில் சார்பெழுத்து என்றொரு வகை உண்டு. தொல்காப்பியம் அது மூன்று என்கிறது. நன்னூல் பத்து என்கிறது. முதலெழுத்து முப்பதும் தம் காலில் நிற்பவை. சார்பெழுத்துக்கு இன்னோர் எழுத்தின் துணை வேண்டும். 'பசு' என்னும்போது முழுதாக ஒலிக்கிற உகரம் 'பாட்டு' என்னும்போது பாதியாகக் குறுகிவிடுகிறது. எழுத்து அதேதான்; பக்கத்தில் நிற்பது எது என்பதைப் பொறுத்து அதன் அளவு குறைகிறது. குற்றியலுகரம் நடத்தும் நாளில் என் மாணவிகளுக்கு இப்படித்தான் சொல்வேன். சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் குரல் குறைவது அவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

அந்தச் சொல்லைக் கணக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. ஒரு கணத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கணத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பதிலாக அமைந்தால் அந்த உறவுக்குச் சார்பு என்று பெயர். உள்ளே கொடுப்பது சாரா மாறி. வெளியே வருவது சார்ந்த மாறி. நாலு கொடுத்தால் எட்டு, ஐந்து கொடுத்தால் பத்து என்று வருகிறதென்றால், எட்டும் பத்தும் நாலையும் ஐந்தையும் நம்பி வாழ்கின்றன. படிவங்களில் 'சார்ந்தோர்' என்ற கட்டத்துக்குள் எழுதப்பட்டே பழகிய நமக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாக இருக்க நியாயமில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் அவற்றைக் கண்டதும், இது நமக்கானதில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். புரட்டிவிடும்படி பழக்கப்பட்டிருக்கிறோம்.

நான் வாழ்வது விருதுநகர் மாவட்டத்தில். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று இந்தக் கரிசல் பூமியில் எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் ஒரு சார்பு உட்கார்ந்திருக்கும். எத்தனை செய்தாயோ அதைப் பொறுத்துக் கூலி. இந்தப் பகுதிப் பெண்களின் வாழ்க்கை நூறாண்டாக இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது. அந்த வரியை எழுத்தாலும் கோட்டாலும் எழுதிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

*

1923 வாக்கில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. மழை குறைந்த நிலமும் காய்ந்த காற்றும் அந்தத் தொழிலுக்குத் தோதாக இருந்தன. விவசாயம் கைவிட்ட வீடுகளில் பெண்களின் விரல்கள் காத்திருந்தன. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. பின்னால் பட்டாசு வந்ததும் குழாய் உருட்டுவது, திரி வெட்டுவது, சரம் பின்னுவது. தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ஆபீசுக்குப் போகிறேன் என்று தூக்குச்சட்டியோடு விடியற்காலையில் வேன் ஏறுகிற பெண்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பீஸ் ரேட்.

என் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். கணக்கு குரோசில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பன்னிரண்டு பெட்டியை ஒரு வரிசையாக வைப்பாள். அப்படிப் பன்னிரண்டு வரிசை சேர்ந்ததும் சுவரில் கரியால் ஒரு கோடு. பாடநூல் இதை 12² என்று எழுதும். அடிமானம் 12, அடுக்கு 2 என்று சொல்லும். அம்மாவும் அதை அடுக்கு என்றுதான் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன அவள், ஏஜெண்டின் நோட்டில் ஒரு குரோஸ் குறைந்திருந்தால் சுவரைக் காட்டிச் சண்டை பிடித்து வாங்குவாள். அவள் கணக்கு பிசகி நான் பார்த்ததில்லை. ஆனால் அதை யாரும் கணக்கு என்று மதித்ததும் இல்லை. அதன் பெயர் வயிற்றுப்பாடு.

அம்மாவின் கணக்குக்கும் இயற்கணிதத்துக்கும் நடுவே ஓர் அடிதான் தூரம். குரோசுக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு குரோசுக்கு இருபத்தொன்று, பதினொன்றுக்கு முப்பத்து மூன்று. ஒவ்வொரு நாளும் அன்றைய விடையை அவள் கண்டுபிடித்தாள். எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தை நிறுத்தி, 'எத்தனை குரோஸ் ஆனாலும் கூலி இப்படித்தான் வரும்' என்று விதியைத் தனியே எடுத்துப் பார்ப்பது அடுத்த அடி. அன்றைய கூலியைப் பார்ப்பவளுக்கு அது கூடவோ குறையவோ தெரியும். விதியைத் தனியே பார்ப்பவள் இதை யார் வைத்தது என்று கேட்பாள். அந்த ஓர் அடியைப் பெண்கள் வைக்காமல் பார்த்துக்கொண்டதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணக்குப் பாடத்தில் 'தேவையான எண்ணை எக்ஸ் என்க' என்று எழுதுவார்கள். 'என்க' என்பது வியங்கோள் வினைமுற்று. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் பொருள்களில் வரும் என்று நடத்துகிறோம். தெரியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, அது இப்படி இருக்கட்டும் என்று விதிக்கிற இந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை.

*

பழைய நூல்களில் கணக்கும் இலக்கணமும் பெண்ணைப் பார்த்துப் பேசும். யாப்பருங்கலக்காரிகை ஒரு பெண்ணை முன்னே நிறுத்தி யாப்பு சொல்கிறது. மகடூஉ முன்னிலை என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். 1150இல் பாஸ்கரர் எழுதிய கணித நூலின் பெயர் லீலாவதி. அதில் கேள்விகள் ஒரு பெண்ணை விளித்தே கேட்கப்படுகின்றன. அவள் அவருடைய மகள் என்று கதை சொல்கிறார்கள். கேள்வி கேட்கப்படுவதற்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. சுவடி எழுதுவதற்கு வேண்டியிருக்கவில்லை.

நம்மிடம் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணுவதற்கு அதில் ஒரு வழி உண்டு. காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. முள் ஐம்பது என்றால் சுளை அறுபது. முள் நூறு என்றால் நூற்றிருபது. இன்றைய பாடநூல் மொழியில் இது ஒரு நேரியல் சார்பு. முள் சாரா மாறி, சுளை சார்ந்த மாறி, ஆறின் கீழ் ஐந்து அதன் சாய்வு. பலாப்பழத்தை அரிந்து, பால் ஒட்டிய கையோடு சுளை எடுத்து, ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைத்தவர்கள் யார் என்பதை எந்த வாய்பாடும் சொல்லாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல் வந்தது. 'அல்ஜபர்' என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சரிசெய்வது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கும் அதே சொல். அந்த நூலின் பெரும்பகுதி சொத்துப் பாகப்பிரிவினைக் கணக்கு. இறந்தவரின் மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு? ஆக, இயற்கணிதத்தின் ஆதிக் கணக்குகளிலேயே பெண்ணின் பங்கு ஒரு தெரியாக் கணியமாக இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை மட்டும் அவளுடையதாக இல்லை.

இந்த நீண்ட வரிசையின் கடைசியில் எனக்கும் ஒரு சிறிய இடமுண்டு. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது கணக்கு உள்ள முதல் குரூப் கேட்டேன். "ஒனக்குத் தமிழ் நல்லா வருது தாயி. ஆர்ட்ஸ் எடு. அந்த எடம் ஒரு பையனுக்கு ஆகட்டும்" என்று எதிரில் இருந்தவர் சொன்னார். வாழ்த்துகிற குரலில்தான் சொன்னார். தமிழை நான் விரும்பிப் படித்தேன், அதில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன், கவிதை எழுதுகிறேன். அந்த வாழ்க்கையில் எனக்குக் குறையில்லை. ஆனால் மொழி நன்றாக வருகிறது என்ற பாராட்டு, கணக்கின் கதவைச் சாத்துகிற மரியாதையான கையாகப் பெண்பிள்ளைகள் பக்கம் எத்தனை முறை நீண்டிருக்கிறது என்பதை என் மாணவிகளிடம் ஆண்டுதோறும் கேட்டுப் பார்க்கிறேன். கை தூக்காத வகுப்பு இதுவரை வாய்க்கவில்லை.

*

எங்கள் தெருவில் சரம் பின்னுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வயது முப்பத்து நான்கு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவள். அது மட்டும் தேறிவிட்டால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எழுதிப்போடலாம் என்று தனித்தேர்வராகப் பணம் கட்டியிருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள். மருந்து வாசம் இல்லாத ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கோரிக்கை இல்லை. "தமிழு நானே படிச்சுக்கிருவேன்க்கா. கணக்குக்குத்தான் ஆள் வேணும்" என்று மகளின் புத்தகத்தோடு வந்தாள். கணிதத்துறைத் தோழி ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டு நானும் கூடவே படித்தேன்.

இந்தக் கட்டுரையில் தன் பெயர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "ஆபீஸ்ல யாராச்சும் பாத்தா வம்புக்கா. எக்ஸ்னு போட்டுக்கோங்க." அகப்பாடல்களில் தோழிக்குப் பெயர் கிடையாது. நானும் தோழி என்றே எழுதுகிறேன்.

எக்ஸ், ஒய் என்றால் தொடக்கத்தில் அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் கட்டுக்கு 'க' என்றும் கூலிக்கு 'கூ' என்றும் வைத்தோம். ஒரு கட்டு பின்னினால் நான்கு ரூபாய் என்க. இங்கே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் பாடத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. கூ = 4க. பத்துக் கட்டுக்கு 40, ஐம்பதுக்கு 200, நூறுக்கு 400. மகளின் கிராஃப் நோட்டில் புள்ளி வைத்தாள். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் விழுந்ததும் ஸ்கேலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் செய்கிற வேலைக்கு ஓர் உருவம் இருப்பதை அன்றுதான் பார்க்கிறாள்.

ஒரு கட்டு கூடினால் கூலி எவ்வளவு கூடுகிறதோ, அதுதான் சாய்வு. இங்கே 4. கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதற்கான அளவு அது. "சாய்வுன்னா மொதலாளி சாஞ்சுக்கிருக்க நாற்காலியாக்கா?" என்றாள். சிரித்துவிட்டு யோசித்தால் அதில் தப்பில்லை. அந்த எண்ணைத்தான் அவர் வைத்திருக்கிறார்.

மதிப்பகம் என்று ஒன்று உண்டு. சாரா மாறிக்கு எந்தெந்த மதிப்பைக் கொடுக்கலாம் என்பதன் எல்லை. பாடநூலில் நேர்க்கோட்டின் இரண்டு முனையிலும் அம்புக்குறி இருக்கும். கோடு முடிவில்லாமல் போகிறது என்று பொருள். தோழி தன் கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்கி 120இல் நிறுத்தினாள். அம்புக்குறி போடவில்லை. "அதுக்கு மேல வெரலு வராதுக்கா. பொழுதும் எறங்கிரும்." சாரா மாறி என்று புத்தகம் எதைச் சொல்கிறதோ, அது அவளுடைய விரல்மூட்டையும் பகல் வெளிச்சத்தையும் சார்ந்திருந்தது.

அன்று இன்னொரு கோடும் போட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வேன் ஏறுவது வரைக்குமான வேலை. அதற்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் கூலி பூஜ்யம். சாய்வும் பூஜ்யம். அந்தக் கோடு படுக்கை அச்சின் மேலேயே படுத்துக்கிடக்கும். தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. "இது கோடு போட்டாத் தெரியாது, போடாட்டியும் தெரியாது" என்றாள் தோழி. வீட்டு வேலையைப் பற்றிப் பெண்ணியம் எழுதிய பக்கங்கள் பல. அந்த ஒரு கோட்டை எந்தப் பக்கத்திலும் நான் இவ்வளவு துலக்கமாகப் பார்த்ததில்லை.

நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வோடு இன்னோர் எண்ணும் வரும். வெட்டுத்துண்டு. கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது. எங்கள் பக்கம் அதற்கு அட்வான்ஸ் என்று பெயர். அவளே ஒரு கணக்கோடு வந்தாள். ஒருவர் கட்டுக்கு நான்கு ரூபாய் தருகிறார், அட்வான்ஸ் கிடையாது. இன்னொருவர் 10,000 ரூபாய் முன்னதாகத் தருகிறார். ஆனால் கட்டுக்கு மூன்று ரூபாய் எண்பது காசுதான். எது நல்லது?

முதல் கோடு கூ = 4க. இரண்டாவது கூ = 3.80க + 10,000. இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று பார்க்க, இரண்டையும் சமன்படுத்தினாள். 0.20க = 10,000. க = 50,000. நாளுக்கு நூறு கட்டு என்றால் ஐந்நூறு நாள். அதுவரைக்கும் அட்வான்ஸ் கோடு மேலே இருக்கிறது. அதற்குப் பிறகு கீழே போகிறது. கணக்கு முடிந்தது என்று நான் பேனாவை வைத்தேன். அவள் வைக்கவில்லை.

"அந்தப் பத்தாயிரம் திருப்பிக் கொடுக்கணுமேக்கா. அது எனக்கு வந்த காசு இல்லையே?"

ஆமாம். அட்வான்ஸ் என்பது கூலி கிடையாது, கடன். அந்த 10,000ஐ அடித்துவிட்டால் மிஞ்சுவது கூ = 4க, கூ = 3.80க. இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வது ஒரே ஓர் இடத்தில்தான்: க பூஜ்யமாக இருக்கும்போது. ஒரு கட்டுகூடப் பின்னாத நாளில் மட்டும் இரண்டும் சமம். முதல் கட்டிலிருந்தே இரண்டாவது கோடு கீழே. வருடத்துக்கு 250 நாள் வேலை என்றால் 25,000 கட்டு. கட்டுக்கு இருபது காசு வீதம் 5,000 ரூபாய். பத்தாயிரம் கடனுக்கு வருடத்துக்கு ஐயாயிரம். வட்டி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. அது சாய்வுக்குள் ஒளிந்திருந்தது. "இருபது காசுதானன்னு இருந்துட்டோம்" என்றாள் தோழி.

*

அடுக்குகளுக்கு வந்தபோது 'ரெண்டு அடுக்கு பூஜ்யம் எப்படி ஒன்றாகும்' என்ற கேள்வி வந்தது. எல்லாருக்கும் வருகிற கேள்விதான். தீப்பெட்டியை எடுத்து வைத்தேன். 2021 டிசம்பர் 1 முதல் ஒரு பெட்டியின் விலை 2 ரூபாய். அதற்கு முன் 2007இலிருந்து 1 ரூபாய். அதற்கு முன் 1995இலிருந்து 50 காசு. அதற்கும் முன் 25 காசு. மேலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் விலை பாதியாகிறது. அடிமானம் 2 என்றால், 2 ரூபாய் என்பது அடுக்கு ஒன்று. ஒரு படி இறங்கினால் அடுக்கு பூஜ்யம். விலை 1 ரூபாய். இன்னொரு படி இறங்கினால் அடுக்கு மைனஸ் ஒன்று, அரை ரூபாய். அதற்கும் கீழே மைனஸ் இரண்டு, கால் ரூபாய். பூஜ்ய அடுக்கு என்றால் ஒன்றுமில்லாதது என்று பொருளில்லை. நாம் எண்ணத் தொடங்குகிற படி. குறை அடுக்கு என்றால் அந்தப் படிக்குக் கீழே போய் வகுப்பது. தோழி அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பெட்டி விலை இரட்டிப்பாக 1995இலிருந்து 2007 வரை 12 ஆண்டு ஆயிற்று. அடுத்த இரட்டிப்புக்கு 14 ஆண்டு. இனிக் கடனைப் பார்ப்போம்.

நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் எங்கள் பக்கம் மாதத்துக்கு ஐந்து. 10,000 வாங்கினால் மாதம் 500. மாதாமாதம் அதைக் கட்டிவிட்டால் அது ஒரு நேர்க்கோடு. வருடத்துக்கு 6,000, இரண்டு வருடத்துக்கு 12,000. முதல் அப்படியே நிற்கும். கட்ட முடியாத மாதத்தில் அந்த 500ம் முதலோடு சேர்ந்துவிடுகிறது. வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மாதமும் கடன் 1.05 மடங்கு. பன்னிரண்டு மாதம் கட்டாவிட்டால் 1.05ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும்: 17,959 ரூபாய். இருபத்து நான்கு மாதத்தில் 32,251. இரண்டு மடங்கைத் தாண்டுவது பதினைந்தாவது மாதத்தில்.

இதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. வாசிக்கிற ஒவ்வொரு பெண்ணும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், கூட்டுவட்டியில் கடன் இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறைய வந்துவிடும். மாதம் மூன்று வட்டி என்றால் 24 மாதம். ஐந்து என்றால் 14, 15 மாதம். சுயஉதவிக் குழுவில் மாதம் ஒன்று என்றால் 72 மாதம், ஆறு வருடம். ஒரே பத்தாயிரம்தான். வீதம் மாறும்போது காலம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

நாங்கள் ஒரே தாளில் இரண்டையும் வரைந்தோம். கூலி நேர்க்கோடாகப் போனது. கடன் முதலில் கிடையாகத் தெரிந்து, பிறகு வளைந்து, பிறகு தாளுக்கு வெளியே போய்விட்டது. கூலிக் கோட்டின் சாய்வு எதுவாக இருந்தாலும், கடனைத் திருப்பாமல் விட்டால், காலம் போகப் போக அடுக்கு அதை முந்திவிடும். கணிதம் இதில் இரக்கம் காட்டாது. இன்னும் ஒன்று: கூலியின் சாரா மாறி கட்டு, கடனின் சாரா மாறி காலம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புப் பட்டாசுக்குத் தடை சொன்ன பிறகு சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2020இல் ஊரடங்கு. ஆபீஸ் மூடினால் கட்டு பூஜ்யம், கூலி பூஜ்யம். காலம் மட்டும் நிற்பதில்லை. கடன் வளர்ந்துகொண்டே இருக்கும். காற்றைக் காக்கிற தீர்ப்பு வேண்டியதுதான். ஆனால் மூடிய நாட்களின் அடுக்கை யார் சுமப்பது என்ற கேள்வி எந்தத் தாளிலும் வரையப்படவில்லை. 2003இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பதற்கும் முதலில் தன் கடன் எத்தனை மடங்காயிற்று என்று ஒருத்திக்குக் கணக்கிடத் தெரிய வேண்டும்.

வட்டி இங்கே ஒரு முறை பிள்ளைகள் பக்கமும் நின்றிருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் வைப்பாகக் கட்ட வேண்டும். அதிலிருந்து வரும் வருவாய் அந்தக் குழந்தையின் படிப்புக்கு. முதல் கரையாமல் வட்டி பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் ஏற்பாடு. பெட்டி ஒட்டிக்கொண்டே பள்ளிக்குப் போன என் தலைமுறைக்கு அது பிந்தி வந்தது. ஆனாலும் அடுக்குக்குத் தனக்கென்று ஒரு பக்கம் கிடையாது, அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம் நிற்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

*

மாறிலிச் சார்பு என்று ஒரு வகை உண்டு. உள்ளே எதைக் கொடுத்தாலும் வெளியே ஒரே விடை வரும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியொரு விபத்தின் மறுநாள் நிவாரண அறிவிப்பு வரும்: இறந்தவர் குடும்பத்துக்குத் தலா இவ்வளவு. வயது என்ன, எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடக் கடன், என்ன படிக்க நினைத்திருந்தாள் என்று எதை உள்ளே கொடுத்தாலும் விடை அந்தத் 'தலா'தான். நிவாரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாகும் வரை ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்த உலகம், செத்த பிறகு ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தரும் இயக்கத்தில் நின்றவர். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்த அந்த மக்களின் வரவுசெலவு நோட்டு நில உடைமையாளரிடம்தான் இருக்கும். ஆண்டு முடிவில் எவ்வளவு உழைத்தாலும் கடன் மிஞ்சும். வாக்காளராகப் பதியப் போனால் எழுத்தறிவுச் சோதனை என்று திருப்பி அனுப்புவார்கள். அதே மோசஸ், 1982இல் தன் மகளின் வகுப்புக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுக்கப் போய், அல்ஜீப்ரா திட்டம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அன்று வாக்குச்சீட்டு எப்படியோ, இன்று ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் அப்படி. அது தெரியாதவர்கள் பொருளாதாரத்தின் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள் என்பது அவர் வாதம். 2021இல் இறக்கும் வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் எழுத்தறிவை இயக்கமாக நடத்தியிருக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் கையெழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். மதுரைப் பக்கம், பள்ளிக்கூடம் பார்க்காத சின்னப்பிள்ளை களஞ்சியம் குழுக்களைக் கட்டி நடத்தி நாட்டின் விருதும் பெற்றார். எழுத்தும் சேமிப்பும் பெண்களுக்கு வந்த வழியில் எழுத்து கலந்த கணக்கும் வர வேண்டும். அதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் மூன்று விஷயம் போதும்: சார்பு, கோடு, அடுக்கு. கூலி எதைச் சார்ந்தது, எந்தச் சாய்வில் ஏறுகிறது, கடன் எந்த அடுக்கில் வளர்கிறது. நம் கல்லூரி மாணவிகளுக்கு, முக்கியமாக இலக்கியம் படிப்பவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். கணக்கை விட்டுவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவின் கூலியையும் குழு லோனையும் ஒரு நாள் கிராஃப் தாளில் வரைந்து பாருங்கள்.

சமன்பாட்டில் எழுத்துகள் மாறும், எண்கள் மாறாது. கூ, க இரண்டும் மாறிகள், 4 மாறிலி. ஆனால் அது மாறிலியாக இருப்பது நாம் அப்படி எழுதிக்கொண்டதால்தான். அந்த இடத்திலும் ஓர் எழுத்தை வைக்கலாம். கூலி வீதத்தை 'வீ' என்க. கூ = வீ × க. நாளுக்கு 400 வர வேண்டும், கட்டு 80 தாண்டினால் தோள்பட்டை வலிக்கிறது என்றால் வீ எவ்வளவு இருக்க வேண்டும்? ஐந்து. தோழி இந்தக் கணக்கைத் தானே உண்டாக்கிப் போட்டாள். புத்தகத்தில் அது இல்லை. இதுவரை அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த எண்ணை அவள் கேட்க வேண்டிய எண்ணாக மாற்றியிருந்தாள்.

தேர்வு வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தேறுவதற்கு 35 மதிப்பெண் வேண்டும். அவள் கூடத்தில் வேலை செய்வது நான்கு பேர். மற்ற மூவரும் ஒரு வாரமாகத் தங்கள் கட்டையும் கூலியையும் வாங்கின அட்வான்சையும் துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். மகளின் கிராஃப் நோட்டு தீர்ந்துவிட்டது. நேற்று புது நோட்டு வாங்கினாள். நான்கு நிறப் பேனாவும்.